405-ஐ விற்கலாமா?

கேள்வி: அத்தான் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது வாங்கிய குவாட் 405 பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) இப்போது என்னிடம் இருக்கிறது. சிடி பிளேயரைப் போட்டு வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே அலறுகிறது. "இது பழைய மாடல், இதைத் திருத்தித்தான் 405-2 வந்தது. இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா ஐயா?
– வாசகர், திருச்சி

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 405-2-இல் திருத்திய இடம் வேறு, உங்கள் வீட்டு அலறல் வருகிற இடம் வேறு.

குவாட் ஆம்ப்களைச் செய்த, பீட்டர் வாக்கரின் ஹண்டிங்டன் கம்பெனி 1967-இல் 303 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பைக் கொண்டுவந்தது. சேனலுக்கு 45 வாட். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடானால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட்டின் அளவு) நகர்ந்துவிடும். மேல் அலையும் கீழ் அலையும் கைமாறும் இடத்தில் ஒலி பிசிறடிக்கும். 303-இல் மும்மூன்று டிரான்சிஸ்டர்களைக் கோத்து அந்தத் தொல்லையைக் குறைத்தார்கள். 1975-இல் வந்த 405-இல் பயாஸைத் திருகிச் சரிசெய்யும் ப்ரீசெட்டையே எடுத்துவிட்டார்கள்.

எப்படி? உள்ளே சக்தி குறைந்த, சுத்தமான கிளாஸ் ஏ (டிரான்சிஸ்டரில் எப்போதும் கரண்ட் ஓடும் வகை) ஆம்ப் ஒன்று. பக்கத்தில் கரண்ட்டை அள்ளிக் கொடுக்க முரட்டு டிரான்சிஸ்டர்கள். முரட்டு டிரான்சிஸ்டர்கள் விடும் பிழையை, இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு காயில் சேர்ந்த பிரிட்ஜ் (சமன்செய்யும் இணைப்பு) சின்ன ஆம்ப்பை வைத்து ஈடுகட்டிவிடுகிறது. இதற்குத்தான் கரண்ட் டம்பிங் என்று பெயர். 1978-இல் பிரிட்டிஷ் அரசியின் விருதும் கிடைத்தது. மூடியைக் கழற்றிப் பாருங்கள், ஆம்ப் போர்டில் திருகிச் சரிசெய்ய ஒரு ப்ரீசெட் கூட இருக்காது. சர்வீஸ் மேசையில் உட்காருகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அப்புறம் 1980-களில் ஸ்பீக்கர்கள் மாறின, மின்தடை குறைந்த 4 ஓம் ஸ்பீக்கர்களும் புழக்கத்துக்கு வந்தன. 8 ஓமில் 100 வாட் என்றால் சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே 28 வோல்ட் 4 ஓமில் போக 7 ஆம்பியர் வேண்டும். பழைய 405-இன் பாதுகாப்பு சர்க்யூட் அதற்கு முன்பே கையைப் பிடித்துவிடும். 405-2-இல் முக்கியமாகத் திருத்தியது அந்தக் கட்டுப்பாட்டைத்தான். பிரிட்ஜில் கைவைக்கவில்லை. திருத்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்: உயிரான இடத்தைத் தொடாமல், புழக்கத்தில் தெரிந்த குறையை மட்டும் சரிசெய்வது. உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தத் திருத்தம் உங்களுக்குத் தேவைப்படாது.

சரி, அலறலுக்கு வருவோம். 405-க்கு 0.5 வோல்ட் கொடுத்தாலே முழு 100 வாட் வந்துவிடும். அதை வடிவமைத்தபோது சிடியே கிடையாது. 1982-இல் வந்த சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தள்ளும், அதாவது நான்கு மடங்கு. 405-2-க்கும் அதே 0.5 வோல்ட்தான். ஆக, கடைக்காரர் சொன்னபடி மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், அலறல் அப்படியே இருந்திருக்கும்.

ப்ரீஆம்ப்பிலிருந்து (பவர் ஆம்ப்புக்கு முன்னால் இருக்கும், வால்யூம் குமிழ் உள்ள பெட்டி) வரும் ஒயரில், 405 பக்கத்து பிளக்குக்குள் சிக்னல் வழியில் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். அது முடிகிற இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். 2 வோல்ட் 0.45 வோல்ட்டாக இறங்கிவிடும், குமிழும் நிதானமாகத் திரும்பும். சேனலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், சில ரூபாய்தான். வால்வு ப்ரீஆம்ப்பாக இருந்தால் மட்டும் இந்த மதிப்புகள் வேண்டாம், அதற்குச் சுமை அதிகமாகிவிடும்.

மிச்சப் பணத்தில் பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு பெரிய 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களையும் சோதித்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கலாம். மாற்றினால் 63 வோல்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள். கைவைக்கும் முன் சார்ஜை இறக்க மறக்காதீர்கள்.

கேள்வி: என் 405-இல் இன்புட் ஐசியைக் கழற்றி, அதிவேக ஐசி போட்டால் ஒலி மேம்படும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் வந்த 405-இல் இன்புட் ஐசி எல்எம்301, பிறகு டிஎல்071. அந்த மாற்றம் கம்பெனியே கணக்குப் போட்டுச் செய்தது. கண்ட அதிவேக ஐசியைச் செருகினால் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆம்ப் ஆசிலேட் ஆகலாம் (தானாகவே சிக்னல் உண்டாக்கலாம்), ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டர் கருகும். செய்தே தீருவேன் என்றால், சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள்.