பாலத்துக்கு ஒதுக்கிய காசு எங்கே நிற்கிறது?

வீதி வேலைகளில் நீண்டகாலம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் நான். முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தை வைத்து வன்னியில் நடக்கும் வாக்குவாதம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து: ஐயா, பாலத்தைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்கிறது ஆளும் தரப்பு. நாங்கள் குரல் கொடுத்துத்தான் வந்தது என்கின்றன தமிழ்க் கட்சிகள். எது சரி?

2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். செப்டம்பரில் ஜனாதிபதி வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். அதற்கு முன்னர் எத்தனையோ மாரிகளில் நந்திக்கடல் களப்பு பெருகி, அந்த ஒடுங்கிய பழைய பாலத்தின் மேலால் பாய்ந்தது. மனுக் கொடுத்த சனம் எல்லாக் கட்சிக்கும்தான் கொடுத்தது. யார் கொண்டுவந்தது என்பதை விடுங்கள். ஒதுக்கியதில் டிசம்பர் 31க்குள் எவ்வளவு செலவாகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: காசு திறைசேரிக்குத் திரும்பிப் போகிறதாமே. அதிகாரிகளின் அலட்சியமா?

சில இடங்களில் அலட்சியம்தான். ஆனால் நாட்காட்டியையும் பாருங்கள். காசின் ஆண்டு தையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. மதிப்பீடு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் என்று ஆடி பிறந்துவிடும். ஐப்பசியில் மழை. வீதிக்குக் கீழால் தண்ணீர் போகும் ஒரு சின்ன மதவுக்கு ஐப்பசி முதல் வாரம்தான் அத்திவாரம் வெட்டினோம். மூன்றாம் நாள் இரவு பெய்தது. விடியப் போய்ப் பார்த்தால் கட்டிவைத்த கம்பிக்கூடு சேற்றுக்குள் கிடக்கிறது. பம்ப் வைத்து இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. அந்த ஆண்டுக் காசு போய்விட்டது. அடுத்த வைகாசிவரை பிள்ளைகள் பலகையில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். காசு மாசி, பங்குனிக்குள் கைக்கு வர வேண்டும். நாடாளுமன்றத்தில் சண்டை பிடிப்பதானால் அதற்குப் பிடிக்கட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: அண்ணை, எங்கள் ஊர் மதவு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. லொறி வராது. நெல்லை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பெரிய வீதிக்குக் கொண்டுபோகிறோம். அந்தக் கூலி எங்கள் தலையில்தான். யாரிடம் போவது?

தங்கச்சி, முதலில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. அதன் வருமானமோ சொற்பம். வட மாகாண சபைக்கு 2013இல் நடந்ததுதான் ஒரே தேர்தல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு எல்லாம் ஆளுநர் கையில். உங்கள் மதவு மாகாண வீதியில் என்றால், அந்தச் சபையில் எழுந்து கேட்க நீங்கள் தெரிவுசெய்த ஆள் ஒருவரும் இல்லை. பாலங்களுக்காகச் சண்டை பிடிக்கும் கட்சிகள் மாகாண சபைத் தேர்தலை நடத்தச் சொல்லியும் அதே வேகத்தில் நிற்கவில்லை என்பதுதான் என் கோபம்.

வவுனியாவிலிருந்து: வீடில்லாத சனம் இருக்கும்போது பாலம் அவசியமா?

நியாயமான கேள்வி. ஆனால் மதவு உடைந்த ஊருக்கு மணல் டிப்பரும் போகாது. வீடு கட்டும் செலவும் அங்கே கூடத்தான் செய்யும்.

ஒட்டுசுட்டானிலிருந்து மறுபடியும்: சரி அண்ணை, எழுத்தில் எப்படிக் கேட்பது?

2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மதிப்பீடு போட்டார்களா, எந்த ஆண்டு, எவ்வளவு என்று மூன்றே கேள்வி போதும். அப்புறம் இன்னொன்று: இந்த மாரியில் வெள்ளம் ஏறும் மட்டத்தில், மதவுக்குப் பக்கத்து மருதமரத்தில் பெயின்றால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கோடைக்கு அளக்க வருகிறவருக்கு அதைக் காட்டாவிட்டால், காய்ந்த வாய்க்காலைப் பார்த்துச் சின்னக் குழாய்க்குத்தான் மதிப்பீடு எழுதுவார்.