ஆண்களோடு ஆடவே இல்லையாமே?

கேள்வி: செஸ்ஸில் பெண்களுக்கென்று தனியாக உலகப் பட்டம் கொடுப்பதே ஒரு சலுகைதானே? ஓட்டப்பந்தயம் என்றால் உடல்பலம் வேறு வேறு, சரி. உட்கார்ந்து காய் நகர்த்துவதற்கு எதற்குத் தனிப் பட்டம்? 'த குவீன்ஸ் கேம்பிட்' தொடரிலேயே ரஷ்யாவின் பெண்கள் சாம்பியன் ஆண்களோடு ஆடியதே கிடையாது என்று சொல்கிறார்களே!
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: கரூர்க்காரரே, முதல் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாம் பாதி தப்பு. அதுவும் அமெரிக்காவில் கோர்ட் படி ஏறிய தப்பு.

தொடரின் கடைசிப் பகுதி 1968, மாஸ்கோ. பெத் ஹார்மன் என்ற கற்பனைப் பெண் சோவியத் ஜாம்பவான்களோடு மோதுகிறாள். அதை வர்ணிக்கிற குரல், பேச்சோடு பேச்சாக, இங்கே நோனா கப்ரிந்தாஷ்விலி என்று ஒருவர் இருக்கிறார், பெண்கள் உலக சாம்பியன், ஆனால் ஆண்களை எதிர்கொண்டதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கேமராவும் காட்டுகிறது. அத்தனையும் சில விநாடி. நானும் ஒரே மூச்சில் பார்த்தவன்தான், அந்த வரி காதில் விழுந்ததே தவிர உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்திருக்கிறது, ஆனால் தலைகீழாக.

பெத் கற்பனை, நோனா கற்பனை இல்லை. ரஷ்யரும் இல்லை, ஜார்ஜியாக்காரர். (அமெரிக்க மாநிலம் இல்லை, கருங்கடல் ஓரத்து நாடு.) 1941இல் சுக்திதி என்ற ஊரில் பிறந்தார், ஐந்து சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண். அந்த நாட்டில் கல்யாணப் பெண்ணின் சீதனத்தோடு ஒரு சதுரங்கப் பலகையும் வைத்து அனுப்புவது பழைய வழக்கம் என்பார்கள். நம் ஊர் சீர்வரிசையில் குத்துவிளக்கு போல. ஆனாலும் வீட்டில் செஸ் ஆடிக்கொண்டிருந்தது பையன்கள்தான். பாதுமி நகரத்தில் ஒரு அணிப் போட்டி, அண்ணன் தம்பிகளில் ஒருவரால் ஆட முடியாமல் போக, அந்த இடத்தை நிரப்பப் பதின்மூன்று வயசுகூட ஆகாத இந்தப் பெண்ணை உட்கார வைத்தார்கள். அங்கே கண்ணில் பட்டவர் வக்தாங் கர்செலாட்ஸே என்ற பயிற்சியாளர். பெண்ணைத் தலைநகர் திபிலிசிக்கு வரவழைத்து ஆளாக்கினார். அதாவது, நீங்கள் "ஆண்களோடு ஆடியதே இல்லை" என்று எழுதியிருக்கும் ஆள் ஆட வந்ததே ஓர் ஆணுக்குப் பதிலாகத்தான்.

1962இல் அப்போதைய சாம்பியன் எலிசவேத்தா பிக்கோவாவோடு பெண்கள் உலகப் பட்டத்துக்கான மோதல். பதினோரு ஆட்டம், ஏழு வெற்றி, நாலு டிரா, தோல்வி பூஜ்யம். வயது இருபத்தொன்று. அப்புறம் பதினாறு வருஷம் அந்தப் பட்டத்தை யாரும் அசைக்கவில்லை. அல்லா குஷ்னிர் மூன்று முறை வந்து பார்த்தார், 1972இல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நோனா தப்பித்தார். 1978இல் தட்டிப் பறித்த மாயா சிபுர்தானிட்ஸேயும் ஜார்ஜியாப் பெண்தான், வயது பதினேழு. 1991இல் சீனாவின் ஸே ஜுன் வந்து வாங்கும்வரை, கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்தக் குட்டி நாட்டை விட்டுக் கிரீடம் வெளியே போகவில்லை.

இதெல்லாம் பெண்கள் கணக்கு. உங்கள் கேள்விக்கு வேண்டியது மற்ற கணக்கு.

1963-64 ஹேஸ்டிங்ஸ் போட்டியின் இரண்டாம் பிரிவில் ஆண்களோடு கலந்து ஆடி முதலிடம். அந்த வெற்றியால் அடுத்த வருஷம் மேல் பிரிவில் இடம், அங்கே பால் கெரெஸ், கிளிகோரிச் மாதிரியான பெரிய தலைகள் நடுவில் ஐந்தாவது. 1965 ஜனவரியில் இங்கிலாந்தின் டார்செட்டில் ஒரே நேரத்தில் இருபத்தெட்டு ஆண்களோடு ஆடினார். கதை நடப்பதாகச் சொல்லும் 1968க்குள் குறைந்தது 59 ஆண்களோடு ஆடியிருக்கிறார், அதில் பத்துப் பேராவது கிராண்ட்மாஸ்டர்கள். இது அவர் தரப்பு வழக்கு மனுவிலேயே இருக்கிற எண்ணிக்கை. 1974இல் டார்ட்முண்டில் சர்வாட்டி என்பவருக்கு ராணியைப் பலியாக நீட்டிப் பதினேழே நகர்த்தலில் முடித்த ஆட்டம் இன்றைக்கும் செஸ் பத்திரிகைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது, தேடிப் பாருங்கள். 1977இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் போட்டியில் மூன்று ஆண்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதை வைத்துத்தான் மறு வருஷம் சர்வதேச செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. 'பெண்கள் கிராண்ட்மாஸ்டர்' இல்லை, ஆண்கள் வாங்கும் அதே பட்டம், அதைப் பெற்ற முதல் பெண். விதிப்படி வேண்டிய ஆட்ட எண்ணிக்கை முழுசாக நிறையவில்லை என்ற முணுமுணுப்பு உண்டு, அது உண்மையும்கூட. நார்ம் (பெரிய போட்டிகளில் எடுக்க வேண்டிய தேர்ச்சி), ரேட்டிங் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) எல்லாம் சுத்தமாக முடித்து வாங்கிய முதல் பெண் சூசன் போல்கார், 1991இல். அதையும் சொல்லாமல் விட்டால் நானும் தொடர்க்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன்.

இதில் எரிச்சல் எங்கே என்றால், தொடருக்கு அடிப்படையான நாவல் 1983இல் வந்தது. அதில் நோனா இந்தப் போட்டியின் தரத்துக்கு இல்லை என்று வருகிறது, ஆனால் இந்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களையெல்லாம் பலமுறை சந்தித்தவர் என்றும் சேர்ந்தே வருகிறது. தொடரில் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். கற்பனைப் பெண் 'முதல் ஆளாக' ஆண்கள் கோட்டையில் நுழைய வேண்டும், அதற்கு ஏற்கெனவே நுழைந்து உட்கார்ந்திருப்பவரை வெளியே தள்ள வேண்டும், தள்ளினார்கள். எழுத்தாளரின் கைத்தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

நோனாவுக்கு அப்போது எண்பது வயது. 2021 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபெடரல் கோர்ட்டில், தொடரை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸ் மேல் ஐம்பது லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். கதைதானே, கருத்துச் சுதந்திரம் இருக்கிறதே என்று கம்பெனி வாதாடியது. 2022 ஜனவரியில் நீதிபதி அதை ஏற்கவில்லை. கற்பனைக் கதை என்பதற்காக நிஜ மனிதர்களை இழிவுபடுத்திவிட்டுத் தப்பிவிட முடியாது, வழக்கு நடக்கட்டும் என்றார். அந்த செப்டம்பரிலேயே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன, தொகை வெளியே வரவில்லை. எண்பது வயதில் வழக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2019இலும் எழுபத்தெட்டு வயசில் உலக மூத்தோர் பட்டம் வாங்கியவர், ஐயா! அவருக்கு அது பழைய கதை இல்லை, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டம்.

சரி, முதல் பாதி. தனிப் பட்டம் சலுகையா? ஒரு வகையில் ஆமாம். அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் 'ஆண்கள் பட்டம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்கள் ஆண்கள் பிரிவு என்று நினைப்பது பொதுப் பிரிவு, இப்போது யாரும் ஆடலாம். ஜூடித் போல்கார் பெண்கள் பட்டத்தை எட்டியே பார்க்காமல் பொதுப் பட்டியலில் உலகின் எட்டாவது இடம்வரை போனார். எல்லாராலும் அப்படி முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை. ஒரு ஊரில் ஆயிரம் பையன்கள் ஆடி ஐம்பது பெண்கள் ஆடினால் முதல் பத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல ஜோசியக்காரர் வேண்டாம். பெண்கள் போட்டி என்று ஒன்று இருந்தால் பரிசுப் பணம் வரும், பயிற்சியாளர் வருவார், பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தச் சொல்லும் அப்பாவும் கொஞ்சம் யோசிப்பார். நோனாவே அந்தக் கதவு வழியாக வந்துதான் லோன் பைனுக்குப் போனார். 2025இல் பெண்கள் உலகக் கோப்பையில் கோனேரு ஹம்பியை இறுதியில் வென்று திவ்யா தேஷ்முக் கிராண்ட்மாஸ்டர் ஆனாரே, அது எந்த ஊர் தெரியுமா? அண்ணன் தம்பிக்குப் பதில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்த அதே பாதுமி.

இன்னொன்று. செஸ் ஒலிம்பியாடில் ஒரு நாட்டின் பொதுப் பிரிவு அணியும் பெண்கள் அணியும் எடுக்கும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அதன் பெயரே கப்ரிந்தாஷ்விலி கோப்பை. 2022இல் நம் மாமல்லபுரத்தில் நடந்தபோது அதை இந்தியா வாங்கியது. 2024இல் அடுத்த ஒலிம்பியாட் நடந்த புடாபெஸ்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்தபோது கோப்பையைக் காணவில்லை என்று செய்தி வந்து, போலீஸ் வரை போனது. புடாபெஸ்டில் இரண்டு பிரிவிலும் தங்கம் அடித்து மறுபடி அந்தப் பரிசுக்கு நாமே சொந்தக்காரர் ஆனது வேறு விஷயம்.