கையிலிருக்கும் டெப் கோப்பை நிறுவுவது எப்படி?

கேள்வி: உபுண்டுவில் ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு டெப் கோப்பாக (.deb, நிறுவுவதற்கான பேக்கேஜ் கோப்பு) என்னிடம் இருக்கிறது. 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்துக் கோப்பின் பெயரை அடித்தால், அப்படியொரு பேக்கேஜே இல்லை என்கிறது. இன்னொரு நிறுவல் கருவியான டீபிகேஜி (dpkg) வழியாகப் போட்டால் பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் (./) வேண்டும். அவை இல்லாவிட்டால் நிறுவல் கருவியான ஆப்ட் (apt) அதை பேக்கேஜ் பெயராக எடுத்துக்கொண்டு களஞ்சியங்களில் (பேக்கேஜ்கள் இறக்கப்படும் இணையக் கிடங்குகளில்) தேடும். கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பு.டெப்' என்று அடியுங்கள். தேவையான மற்ற பேக்கேஜ்களை, அதாவது சார்புகளை, அதுவே இறக்கிக்கொள்ளும். டீபிகேஜி அப்படியல்ல, கொடுத்த கோப்பை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, சார்புகள் இல்லையென்று நின்றுவிடும்.

நின்றுபோனதைச் சரிசெய்ய 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. ஆனால் சம்மதம் கேட்கும்போது 'ஒய்' தட்டுவதற்கு முன், ஆப்ட் காட்டும் பட்டியலைப் படியுங்கள். சார்பு கிடைக்காதபோது, நீங்கள் போட்ட பேக்கேஜையே நீக்குவதுதான் ஆப்ட் சொல்லும் தீர்வாக இருக்கும்.

பழைய பதிப்புகளில் அடிக்கடி வரும் சிக்கல் வேறு. சில பேக்கேஜ்கள் தம் துணை நூலகத்தில் (அவை பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) குறிப்பிட்ட பதிப்பை மட்டுமே ஏற்கும்; சார்பு வரியில் சமக்குறி (=) இருந்தால் அதுதான் பொருள். களஞ்சியத்தில் புதியது மட்டும் இருந்தால் நிறுவல் நடக்காது. அந்த நூலகத்தின் அதே பதிப்பு டெப்பையும் தேடியெடுத்து, இரண்டையும் ஒரே கட்டளையில் ./ சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கலாம்.

புதிய பதிப்பு ஏற்கெனவே கணினியில் இருந்தால், பழைய பதிப்புக்கு இறங்கப்போகிறது என்று ஆப்ட் கேட்டுவிட்டுத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சம்மதம் சொல்லும் '-ஒய்' சேர்த்திருந்தால் மறுத்துவிடும், '--அலவ்-டவுன்கிரேட்ஸ்' தேவை. தரவுத்தள மென்பொருள் என்றால் முதலில் பேக்கப். புதிய பதிப்பு மாற்றியமைத்த தரவை ஆப்ட் பழையபடி திருப்பித் தராது.

கேள்வி: போட்ட பதிப்பு அடுத்த அப்கிரேடிலேயே மாறிவிடுகிறதே?

பதில்: 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்துப் பேக்கேஜ் பெயரை அடியுங்கள், அந்தப் பதிப்பு மாறாமல் நிற்கும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால் மறந்துவிடக் கூடாது. விடுவிக்க 'அன்ஹோல்ட்'.

கேள்வி: களஞ்சியத்திலிருந்து குறிப்பிட்ட பதிப்பை எடுக்க 'ஆப்ட் இன்ஸ்டால் பேக்கேஜ்=பதிப்பு' என்று, கோப்பின் பெயரிலுள்ள பதிப்பு எண்ணை சமக்குறிக்குப் பின் கொடுத்தால் கிடைக்கவில்லை என்கிறதே?

பதில்: பதிப்பின் தொடக்கத்தில் '1:' போன்ற முன்னெண் இருக்கலாம், கோப்பின் பெயரில் அது வராது. 'ஆப்ட் லிஸ்ட் -ஏ' காட்டும் முழு எண்ணை அப்படியே கொடுங்கள். கையிலுள்ள டெப்பைப் பார்க்க 'டீபிகேஜி-டெப் -எஃப் கோப்பு.டெப் வெர்ஷன்' போதும்.