பெங்களூரு வேலை விளம்பரங்களில் வரும் ‘இமீடியட் ஜாயினர்’ என்றால் என்ன?

தேர்வானால் 15 நாளுக்குள், சில இடங்களில் மறுநாளே, வேலையில் சேரக்கூடியவர் என்று அர்த்தம். கொடுமை என்னவென்றால், இப்படிக் கேட்கிற பல ஐடி நிறுவனங்களே தங்கள் ஊழியர்களுக்கு 90 நாள் நோட்டீஸ், அதாவது வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் 90 நாள் இருந்தாக வேண்டும் என்ற விதி, வைத்திருக்கின்றன.

காரணம் பணம். நல்ல காலத்தில் ப்ராஜெக்ட் வருமுன்பே ஆள் எடுத்து பெஞ்சில், அதாவது வேலை கொடுக்காமல் சம்பளம் மட்டும் கொடுத்து, வைத்திருந்தார்கள். இப்போது கிளையன்ட் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இடமே திறக்கிறது. அப்புறம் மூன்று மாதம் காத்திருக்க முடியாது.

அல்சூரில் வாடகை வீடு தேடுவதை நினைத்துப் பாருங்கள். புது ஓனர் "ஒண்ணாம் தேதியே வந்துடுவீங்களா?" என்பார். பழைய ஓனரோ, முன்கூட்டியே சொல்லாவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். நடுவில் நசுங்குவது நாம்தான்.

சரி, வேலையை முதலில் விட்டுவிட்டால் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழைப்பு கூடுதலாக வரலாம், ஆனால் கையில் வேலை இல்லை என்று தெரிந்ததும் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நிறைய.