ஏப்பம் விட்டா சரியாயிடுது, அப்போ அது கேஸ்தானே டாக்டர்?

தம்பி, லெட்டர்ல பதினோரு விஷயம் எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் அப்புறம். ஒன்பதாவதா போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, மூணாவது மாடி ஆபீஸுக்கு ஏறும்போது நெஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு, ரெண்டாவது மாடி லேண்டிங்ல போன் பாக்குற மாதிரி ரெண்டு நிமிஷம் நின்னா ஏப்பம் வந்து சரியாயிடுது, மூணு வாரமா கேஸ் ஜாஸ்தின்னு, நான் அந்த வரியிலயே நின்னுட்டேன். நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா கேஸ்னு நெனச்சு இன்னொரு வாரம் ஓட்டாதீங்க, நாளைக்கே ஒரு இதய டாக்டர போய் பாருங்க.

கேஸுக்கு மாடிப்படி எண்ணத் தெரியாது. அது சாப்பிட்டா வரும், குனிஞ்சா வரும், படுத்தா மேல ஏறும். நடந்தா வந்து, நின்னா போகுதுன்னா முதல்ல இதயத்தத்தான் சந்தேகப்படணும். ரத்தக்குழாய் அடைச்சிருந்தாலும் சும்மா உக்காந்திருக்கும்போது வர்ற ரத்தம் போதுமா இருக்கும், ஏறும்போது பத்தாது, இதயம் அப்பதான் முனகும். நின்னதால வலி போச்சு, ஏப்பம் அதே நேரத்துல வந்ததால பேர் அது தட்டிட்டு போயிடுச்சு, அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டு தெரு முனை வரைக்கும் நடந்தா இன்னும் மோசமா இருக்குன்னு வேற எழுதியிருக்கீங்க. சாப்பிட்ட உடனே வயித்துக்கும் ரத்தம் வேணும், காலுக்கும் வேணும், இதயத்துக்கு வேலை கூடும். இதப் பாத்துதான் நிறைய பேர் கேஸ்னே முடிவு பண்ணிடறாங்க.

"போன மாசம் ஈசிஜி நார்மல்" – படுக்க வச்சு எடுத்த ஈசிஜி நல்லா படுத்திருந்தீங்கன்னுதான் சொல்லும். அதுவும் இந்த நெஞ்சடைப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. அதுக்காக லேப்ல ஆஃபர் போட்டிருக்கான்னு நீங்களா போய் டிரெட்மில் டெஸ்ட்டுல ஏறி ஓடாதீங்க, புதுசா ஆரம்பிச்ச நெஞ்சடைப்புல அது ஆபத்து, எந்த டெஸ்ட் எப்போன்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் மெடிக்கல் ஷாப்ல கேட்டு எட்டு மாசமா காலைல ஒரு கேஸ் மாத்திரை போடறீங்களாமே, யார் எழுதிக் குடுத்தாங்க? பக்கத்து சீட்டு நண்பரா? அந்த மாத்திரையோட பெரிய கெடுதலே இப்படி ஒரு வலிய "பழகின கேஸ்"னு நம்ப வைக்கறதுதான்.

உங்க பயம் முடி கொட்டறதும் இல்ல, இடது கை மரத்துப்போறதும் இல்லன்னு எனக்குத் தெரியுது. உங்க அப்பா 54 வயசுல வாயு பிடிச்சிருக்குன்னு சோடா குடிச்சிட்டு படுத்தவர், காலைல எழுந்திரிக்கல. நமக்கும் அப்படி ஆயிடுமோங்கறதுதான் கேள்வி. அப்பாவுக்கு 55க்குள்ள வந்திருந்தா பசங்களுக்கு ரிஸ்க் கூடுதல்தான், மறைக்க மாட்டேன். 52 நாட்டுல செஞ்ச இன்டர்ஹார்ட் ஆய்வுலயும் நம்ம தெற்காசியாக்காரங்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் 53 வயசு வாக்குல வந்துச்சு, மத்தவங்களுக்கு 59. ஆனா அதே ஆய்வுல பெரும்பாலான அட்டாக்குக்குப் பின்னாடி இருந்தது சிகரெட், கொழுப்பு, பிபி, சுகர், தொப்பை மாதிரி ஒன்பதே சங்கதி. நம்ம கை வைக்க முடிஞ்ச சங்கதிங்கதான் எல்லாம்.

உங்க நாளையே பாருங்க. காலைலேர்ந்து கணக்கு நோட்டு முன்னாடி, அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன்னா சர்க்கரை மட்டுமே 40 கிராம் தாண்டுது. வேலை முடிச்சிட்டு பத்தரைக்கு புரோட்டா சால்னா, தூக்கம் அஞ்சு மணி நேரம். பிபி 146/94, அதுக்கு "டென்ஷன்"னு நீங்களே பேர் வச்சிட்டீங்க. மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 5.9, அது சுகர் வியாதி வாசல்ல நிக்குது. இதுல ஒண்ணும் உங்கள நேத்து படுக்க வைக்கல, எல்லாம் சேந்து பதினஞ்சு இருபது வருஷமா குழாய்க்குள்ள பூசிட்டே வந்திருக்கும் போல, 44 வயசுல படி ஏறும்போது சத்தம் குடுக்குது. இதுல எத முதல்ல விடறதுன்னு கேட்டீங்கன்னா சிகரெட்ட. "நாலுதான் டாக்டர்"ங்கறீங்க. தினம் ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும், இருபது பிடிக்கறவருக்கு ஏறுற இதய ஆபத்துல பாதி கிட்ட வந்துடுது. இதுக்கு சலுகை விலையெல்லாம் கிடையாது. முழுசா விட்டா ஒரு வருஷத்துல அந்த கூடுதல் ஆபத்து பாதியா குறையும்.

மிச்சத்தையும் சொல்லிடறேன். தூங்கி எழுந்தா கை மரத்து, உதறினா சரியாகறது பெரும்பாலும் மணிக்கட்டு நரம்பு, இல்ல கழுத்து. முடி கொட்டறதுக்கு உங்க அப்பா போட்டோவையும் அம்மா வழி மாமா தலையையும் பாத்தா போதும். ஐஸ் வாட்டர் குடிச்சா கொழுப்பு உறையும், அட்டாக் வந்தா இருமிட்டே இருந்தா பொழச்சிக்கலாம்னு வந்த ஃபார்வர்ட் ரெண்டையும் டெலீட் பண்ணுங்க, இருமிட்டு உக்காந்து போற நேரம் திரும்பி வராது.

டாக்டர பாக்கறதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கும்போது அந்த நெஞ்சடைப்பு வந்தா, கால் மணி நேரம் ஆகியும் விடலன்னா, வேர்த்து ஊத்தினா, தாடைக்கோ கைக்கோ பரவினா, இதுல எது ஒண்ணு நடந்தாலும் 108. நீங்களா பைக் எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறீங்களே, அங்க நடந்தாலும் 108தான், ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னு சொன்னாங்கன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யாராவது கூட்டிட்டுப் போகட்டும், தமிழ்நாட்டுல 2023லேர்ந்து அங்கயே ஹார்ட் அட்டாக்குக்கு முதல் டோஸ் மாத்திரை வச்சிருக்காங்க. சோடா வேண்டாம்.

அதுவரைக்கும் லிஃப்ட்ல போங்க, லிஃப்ட் இல்லன்னா லீவு போடுங்க. நாளைக்குப் போகும்போது அந்த பழைய ஈசிஜியயும் எடுத்துட்டுப் போங்க, புதுசோட பக்கத்துல வச்சுப் பாக்க டாக்டருக்கு உதவும்.