ஸிப் செய்து அனுப்பினால் டேட்டா மிச்சமாகுமா?

கேள்வி: தேக்காவில் இருக்கும் எங்கள் மளிகைக் கடைக் கணினியிலிருந்து ஈசூன் வீட்டுக்கு, கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் செயலி வழியாகக் கோப்புகள் போகின்றன. கடையில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். மாதக் கடைசிக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. கணக்குக் கோப்புகளைத் தினமும் ஸிப் செய்து அனுப்பலாமா? செயலியிலேயே சுருக்கும் வசதி இல்லையா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஸிப் வேண்டாம், செலவு கூடத்தான் செய்யும். சிங்க்திங் கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. 250 எம்பி வரையுள்ள கோப்புக்குத் துண்டின் அளவு 128 கேபி. கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பில் ஒரு பில் ஏறினால் பெரும்பாலும் சில துண்டுகளே போகும். ஸிப்பில் அப்படியில்லை. முன்பகுதியில் ஓர் எண் மாறினாலும் பின்னால் வரும் பைட்டுகள் மாறும், அல்லது இடம் நகரும். அத்தனையும் மறுபடி போக வேண்டியதுதான்.

சுருக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கடைக் கணினியில், வீட்டுச் சாதனத்தின் பெயரைத் திறந்து எடிட், அட்வான்ஸ்டு, கம்ப்ரஷன் என்று போங்கள். ‘மெட்டாடேட்டா ஒன்லி’ (கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களை மட்டும் சுருக்குவது) என்றிருப்பதை ‘ஆல் டேட்டா’ ஆக்குங்கள். இந்த அமைப்பு, அந்தக் கணினி அனுப்புவதை மட்டுமே சுருக்கும். ஆகவே வீட்டுக் கணினியில் மட்டும் மாற்றினால் கடையிலிருந்து வருவது குறையாது. சுருக்குவது வழியில்தான்; வட்டில் கோப்பு பழைய அளவிலேயே இருக்கும்.

சிஎஸ்வி, டெக்ஸ்ட், லாக் கோப்புகளில் நல்ல பலன் தெரியும். பில் படங்கள் (ஜேபெக்), கேமரா வீடியோ ஏற்கெனவே சுருங்கியவை. எக்ஸெல் கோப்பும் அதே கதைதான்: ஒரு பிரதியின் பெயரில் கடைசி ஒட்டை (.xlsx) .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக நிற்கும். அதனால்தான் ஒரு கட்டத்தைத் திருத்திச் சேமித்தாலும் பெரும்பகுதி மறுபடி போகிறது. வருடம் முழுவதையும் ஒரே எக்ஸெல்லில் வைக்காமல் மாதத்துக்கு ஒன்றாகப் பிரியுங்கள். கம்ப்ரஷனைவிட இதில்தான் மிச்சம் அதிகம். வீடியோ கோப்புறையையும் ஆபிஸ் உருவாக்கும் ~$* தற்காலிகக் கோப்புகளையும் கடைக் கணினியின் இக்னோர் பேட்டர்ன்ஸில் (ஒத்திசைக்க வேண்டாதவற்றின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

சிங்க்திங்குக்குப் பதில் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலைப் பயன்படுத்துவோர்க்கு: 2020-இல் வந்த 3.2.0 பதிப்பிலிருந்து இசட்-ஸ்டாண்டர்டு (zstd) என்ற சுருக்க முறை உண்டு. இரு முனையிலும் அந்த வசதி இருக்க வேண்டும். ஒன்று பழையதென்றால் இசட்-லிப் (zlib) என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும்.