பதில்: ஊருக்கு வந்தும் அகதிதானா?

தம்பி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து 22 வயதில் பெற்றோரின் ஊரான யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளைக்கு வந்திருக்கிறீர்கள். வாயைத் திறந்தாலே மைதானத்துப் பெடியள் 'இந்தியாக்காரன்' என்கிறார்கள், அடையாள அட்டையும் இல்லை, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நானும் ஒருகாலம் அகதிதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே நாவற்குழிப் பாலத்தால் பக்கத்துத் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தது. எனக்கு அப்போது 11 வயது. அங்கே கொடிகாமத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். ஒரே கிணறு, அறுபது பேர். மூன்றாம் நாள் அந்த வீட்டு ஆச்சி வாளியையும் கயிற்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அம்மா அழுதார். கிணறு கலங்கினால் ஆச்சிக்கும் வேறு தண்ணீர் இல்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. உங்களைக் கேலி செய்கிற பெடியளும் அந்த ஆச்சி மாதிரித்தான், பலருக்கும் வேலை இருக்காது. பங்குக்கு ஒருவன் வந்துவிட்டான் என்ற பயம். அதற்காகக் கேலி சரி என்று சொல்லவில்லை.

முதலில் கடதாசி வேலை. பெற்றோர் இலங்கையர் என்றால் உங்களுக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமை உண்டு, ஆனால் பதிய வேண்டும். அது கையில் வந்தால்தான் அடையாள அட்டை. அம்மாவின் பிறப்புச் சான்றிதழோடு உங்களுடையதையும் எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடம் போங்கள்.

அப்புறம், முகாமில் பெயின்ட் வேலை பழகியதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கேட்டு ஒரு சுவருக்கு அடித்துக் கொடுங்கள். பின்னேரம் அங்கேதான் எல்லோரும் பேப்பர் பார்க்க வருவார்கள். தூரிகை பிடிக்கிற கையைப் பார்த்தால் பேச்சு தானாக வரும்.

ஞாயிறு சுன்னாகம் சந்தைக்கு வருவேன். கடதாசிகளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.